சிவப்புக் கதம்பை போன வழி

நாகர்கோவிலில் இருந்து வெளிவரும் ஒரு சின்ன மாலைப் பேப்பரில் நான் துணை ஆசிரியர். துணை ஆசிரியர் என்றதும் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். பிழை திருத்துவது, தலைப்பு வைப்பது, மரண அறிவிப்புக்கு வரும் குடும்பப் படத்தில் இறந்தவர் யார், பக்கத்தில் நிற்பவர் யார் என்று விசாரித்து வெட்டுவது எல்லாம் என் வேலை. பேப்பருக்கு முகநூலில் ஒரு பக்கம் தொடங்கியபோது அதுவும் என் தலையில் வந்து விழுந்தது. ஆசிரியரை நாங்கள் எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். மை ஒட்டாத எதையும் அவர் செய்தி என்று ஒப்புக்கொள்ள மாட்டார். "அந்த சவத்த நீயே கட்டி மேயி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

நானும் மேய்த்தேன். காலையில் ரோஜாப்பூப் படத்தோடு ஒரு வணக்கம், மத்தியானம் ஏத்தன் வாழைக்குலை விலை, சாயங்காலம் மரண அறிவிப்பு. மரண அறிவிப்புக்கு மட்டும் ஆழ்ந்த இரங்கல் வரிசையாக வரும். மற்ற எதைப் போட்டாலும் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் செத்தால்தான் பேப்பர்காரர்களோடு பேசுவார்கள் போல என்று நான் வீட்டில் எரிச்சலோடு சொல்லியிருக்கிறேன்.

அந்த வருஷம் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, ஏமாற்றிவிட்டது. கன்னிப்பூ என்கிற முதல் போக நெல் சாகுபடிக்கு அணையைத் திறந்தார்கள். சில நாளில் வழக்கம்போல ஒரு அரசு அறிக்கை வந்தது. சானலில், அதாவது பாசனக் கால்வாயில், விட்ட தண்ணீர் கடைவரம்பு வரை போய்ச் சேர்ந்துவிட்டது என்று அதில் இருந்தது. கடைவரம்பு என்றால் சானல் போய் முடிகிற கடைசி வயல்கள். எங்கள் பேப்பரில் தண்ணீர்ச் செய்திக்கு ஒரு பழக்கம் உண்டு. தலைப்பில் 'விவசாயிகள் மகிழ்ச்சி' என்று சேர்ப்போம். எந்த விவசாயியையும் கேட்பதில்லை, கை தானாகவே அடித்துவிடும். 'கடைவரம்பு வரை தண்ணீர்: விவசாயிகள் மகிழ்ச்சி' என்று அச்சில் போட்டு, அதையே முகநூலிலும் போட்டேன்.

அன்றைக்குத்தான் பக்கத்துக்கு உயிர் வந்தது. வரிசையாகச் சிரிப்பு முகங்கள். முதலில் என்ன ஏது என்று எனக்குப் புரியவில்லை. கீழே ஒருத்தி ஒரு படம் போட்டிருந்தாள். வறண்டு வெடித்த சானல், அதன் நடுவில் ஒரு வெள்ளாடு நின்று கேமராவைப் பார்க்கிறது. 'எங்க கடைவரம்பு. இந்த ஆட்டுக்கு நீச்சல் தெரியுமான்னு உங்க பேப்பர்ல கேட்டுச் சொல்லுங்க' என்று எழுதியிருந்தாள்.

எனக்கு வந்ததே கோபம். அறிக்கையில் இருந்ததைத்தானே போட்டோம், நானா சானலைக் குடித்துத் தீர்த்தேன் என்று உள்பெட்டியில் நம்பர் வாங்கி அவளைக் கூப்பிட்டேன். சண்டை போடுகிற குரலில்தான் தொடங்கினேன். எதிர்ப்பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ஏட்டி மக்கா, நான் உன்ன ஏசல்ல. நீ ஒருக்க வந்து பாரு. பாத்துட்டு மகிழ்ச்சியா இல்லியான்னு நீயே எழுது."

மறுநாள் பஸ் ஏறி இராஜாக்கமங்கலம் பக்கம் போனேன். படம் போட்டவள் என்னைவிட மூத்தவள், பார்த்த மாத்திரத்தில் அக்கா என்று கூப்பிடத் தோன்றியது. கணவர் கேரளத்தில் கொத்தனார். இவள் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, வயல் எடுத்து நடுகிறாள். பக்கத்துக் கிணற்றில் கெஞ்சி வாங்கிய தண்ணீரில் ஒரு மூலையில் நாற்றுப் பாவியிருந்தாள். அது பச்சைப்பசேல் என்று நின்றது. அதைத் தாண்டி மிச்ச வயல் முழுக்க விரல் நுழைகிற வெடிப்பு. உழுவதற்கே தண்ணீர் இல்லை. நாற்று முத்திவிட்டால் பிறகு நட்டும் பிரயோசனம் இல்லை, தூர் கட்டாது என்றாள்.

அதைவிடப் பெரிய சங்கதி பிறகு வந்தது. வயலுக்குச் சொந்தக்காரர் வெளியூரில் இருக்கிறார். பூ என்றால் போகம். போன பூவும் தண்ணீர் இல்லாமல் தரிசாகக் கிடந்தது. இந்தப் பூ நடவு நடந்தால் பாட்டம் தொடரட்டும், இல்லாவிட்டால் மண்ணடித்து பிளாட் போட்டு விற்றுவிடுவேன் என்று அவர் முடிவாகச் சொல்லிவிட்டார். சுற்றிலும் பார்த்தேன். ஏற்கெனவே இரண்டு பக்கமும் செம்மண் ஏறி, மஞ்சள் கல் நட்டு, கொடி கட்டியிருந்தது. நடுவில் இவள் வயல் மட்டும் பள்ளமாகக் கிடந்தது. அக்கா அழவில்லை, புலம்பவும் இல்லை. கருப்பட்டிக் காப்பி கொடுத்து, "கண்ணு வச்சு பாத்தாச்சுல்லா, இனி உனக்க இஷ்டம்" என்றாள்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். உள்பக்கத்தில் சின்னதாக ஒரு திருத்தம் போட்டுவிடலாம் என்றார். திருத்தத்தை வைத்து நாற்று நட முடியாது அண்ணாச்சி என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அப்படித்தான் செய்வார். நான் என் மேஜைக்குப் போய் முகநூலில் ஒரு வரி போட்டேன்: 'உங்க ஊர் சானல்ல இப்ப தண்ணி இருக்கா? படம் எடுத்துப் போடுங்க.'

போட்டார்கள் பாருங்கள். தலைப்பக்கத்து ஊர்களில் இருந்து கரை தட்டத் தண்ணீர் ஓடுகிற படம். கீழே உள்ள ஊர்களில் இருந்து வெறும் சகதி. ஒருவர் போன வருஷத்துப் படத்தைப் போட்டு மாட்டிக்கொண்டார். ஒரு புது மாப்பிள்ளை, சானல் கரையில் எடுத்த கல்யாண ஆல்பத்தையே போட்டான், பின்னால் தண்ணீர் தெரிகிறதாம். அப்புறம் சண்டை. நீங்கதான் சானலை மறித்து வாழைக்குப் பாய்ச்சுகிறீர்கள் என்று கீழூர்க்காரர்கள். எங்களுக்குப் போக மிச்சம் எல்லாம் விடத்தான் செய்கிறோம் என்று மேலூர்க்காரர்கள். முந்தின தலைமுறையில் நடந்த கல்யாணச் சண்டை வரைக்கும் இழுத்தார்கள். ஏசி எழுதியதை எல்லாம் நான் அழித்துக்கொண்டே இருந்தேன். இத்தனை பேர் பேசியும், தண்ணீர் எங்கே காணாமல் போகிறது என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்தக் கூச்சலுக்கு நடுவே வளைகுடாவில் கிரேன் ஓட்டுகிற ஒருவர் எழுதினார். 'சின்னப்பிள்ளேல நாங்க படித்துறைல கதம்பைய சானல்ல போட்டுட்டு அடுத்த பாலத்துக்கு ஓடுவோம். யாருக்க கதம்பை முதல்ல வருதுன்னு பந்தயம். இப்பவும் போட்டுப் பாருங்க. எங்க நிக்கோ அங்கதான் கோளாறு.'

கதம்பை என்றால் தேங்காய் உரித்த மட்டை. எங்கள் வீட்டுப் புறவாசலிலேயே குவிந்து கிடக்கிறது. இத்தனை நாள் இது எனக்குத் தோன்றவில்லையே என்று இருந்தது. அலுவலகப் பெயர்ப்பலகைக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயின்ட் மாடிப்படி அடியில் இருந்தது. ஒரு சாக்குக் கதம்பையைக் கொண்டுவந்து வராந்தாவில் பரத்தி நானே பெயின்ட் அடித்தேன். அண்ணாச்சி தாண்டிப் போகும்போது, படித்த பெண் செய்கிற வேலையா இது என்று கேட்டார். சேலையில் பெயின்ட் ஆகிவிட்ட எரிச்சலில், படிக்காதவர்கள் செய்யாததால்தான் நான் செய்கிறேன் என்றேன்.

மறுநாள் காலையில் தண்ணீர் நன்றாக ஓடுகிற ஒரு பாலத்தில் இருந்து கதம்பைகளைப் போட்டு, அதை வீடியோவாகவும் விட்டேன். 'சிவப்புக் கதம்பை வருது. உங்க படித்துறையத் தாண்டினா சொல்லுங்க' என்று கேட்டிருந்தேன். நான் நினைத்ததற்கு மேல் நடந்தது. டீக்கடைப் பாலத்தில் ஒருவர் நின்று படம் போட்டார். கோவில் படித்துறையில் குளிக்க வந்தவர்கள் ஈரத் துண்டோடு படம் போட்டார்கள். சர்ச் பின்பக்கத்துப் பாலத்தில் காலைப் பூசை முடிந்து வந்த ஒரு கூட்டம் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. குவைத்தில் இருந்தும் மஸ்கட்டில் இருந்தும் எங்க ஊர் வந்தாச்சா, எங்க ஊர் வந்தாச்சா என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு ஊர்ப் பெயர் வரும்போதும் அந்த ஊர்க்காரர்கள் ஓட்டு எண்ணிக்கை மாதிரிக் கைதட்டுகிறார்கள். எனக்கு நாற்காலியில் இருக்க முடியவில்லை.

அப்புறம் ஒரு படித்துறையோடு கதம்பை நின்றுபோனது. அடுத்த பாலத்தில் காத்திருந்தவர்கள் ஒன்றும் வரவில்லை என்றார்கள். கண்டுபிடித்துவிட்டோம் என்று நான் துள்ளினேன். அப்போது ஒரு படம் வந்தது. ஒரு வீட்டு மதில் மேல் எங்கள் சிவப்புக் கதம்பை அத்தனையும் வெயிலில் காய்கிறது. 'எங்க அம்மை துணி துவைக்கப் போன இடத்துல பிடிச்சிட்டு வந்திருக்கா. அடுப்பெரிக்க கொள்ளாமாம்' என்று மகள் எழுதியிருந்தாள்.

அன்றைக்கு மாவட்டமே சிரித்தது. அண்ணாச்சிகூட என் ஃபோனை வாங்கிப் பார்த்துத் தோள் குலுங்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அம்மாளைக் கூப்பிட்டு, எடுக்கலாமா இப்படி என்று கேட்டேன். அவள் அசரவில்லை.

"சானல்ல வாற கதம்பை யாருக்க? எடுக்கியவளுக்க. உங்க பேரு எழுதியிருந்தா?"

அவள் சொன்னதும் நியாயம்தான். சானலில் மிதந்து வருகிற மட்டையும் ஓலையும் எடுத்தவர்களுக்கு என்பது அங்கே என்றைக்கும் உள்ள வழக்கம். சரி என்று அடுத்த சாக்குக் கதம்பைக்குச் சிவப்பு அடித்து, மேலே வெள்ளையில் 'பேப்பர்' என்று எழுதினேன். அந்த அம்மாளையே படித்துறைக்குக் காவலாகப் போட்டேன். தன்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் முன்னால் தலை நிமிர ஒரு வழி கிடைத்ததில் அவளுக்குப் பெரிய சந்தோஷம். இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்றாள். ஒதுங்கினதைக் கையால் தள்ளிவிட்டாள். அத்தனையும் தாண்டியாச்சு என்று மகளிடம் சொல்லி எழுதவைத்தாள்.

அடுத்த பாலத்துக்கு ஒன்றுகூட வரவில்லை. காத்திருந்து பார்த்தார்கள். மத்தியானம் வரை வரவில்லை.

அந்தப் படித்துறைக்கும் பாலத்துக்கும் இடையில் உள்ளது ஒரே ஒரு கட்டடம். புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபம். கார் வந்து திரும்ப வசதியாக சானலுக்கு மேல் நீளமாக ஒரு கான்கிரீட் பலகை போட்டிருந்தார்கள். ஒரு ஆட்டோக்காரர் போய்ப் பலகைக்கு மேல்பக்கம், தண்ணீர் வருகிற பக்கத்தில் நின்று ஒரு கதம்பையைப் போட்டு வீடியோ எடுத்தார். கதம்பை பலகைக்கு அடியில் போகிறது. கேமரா மறுபக்கம் ஓடுகிறது. அங்கே கணுக்கால் நனையாத அளவுக்குக் கசிவு. திரும்பி வந்து காட்டினார், மேல்பக்கம் தேங்கிய தண்ணீர் உபரித் தண்ணீர் போகிற பழைய கழிவு மடை வழியாக ஓடையில் சாடி, நேரே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அக்காவின் வயலுக்கு வர வேண்டிய தண்ணீர்.

அதை அப்படியே பக்கத்தில் போட்டேன். சாயங்காலத்துக்குள் மண்டபக்காரர் அண்ணாச்சிக்கு ஃபோன் போட்டுவிட்டார். அவர் எங்கள் பேப்பருக்கு வாராவாரம் விளம்பரம் கொடுக்கிறவர். அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, அந்த வீடியோவை இப்போதைக்கு எடுத்துவிடு என்றார். எடுக்க மாட்டேன் என்றேன். வேண்டுமானால் என்னை எடுத்துவிடுங்கள் என்றேன். சொன்ன பிறகுதான் சம்பளம் ஞாபகம் வந்தது. வீட்டில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்த நேரம்.

அண்ணாச்சி என் ஃபோனை வாங்கிக் கீழே உள்ளதைப் படிக்க ஆரம்பித்தார். அவர் முகநூலை அத்தனை நேரம் பார்த்து நான் கண்டதில்லை. பாராட்டுகளுக்கு நடுவே ஒருவர் எழுதியிருந்தார்: 'நாளைக்குப் பாருங்க, பேப்பர்காரன் வாய மூடிருவான். மண்டபக்காரன் விளம்பரம் தாறவன்லா.' அந்த இடத்தில் அவர் விரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார். பிறகு என் முன்னாலேயே மண்டபக்காரரைக் கூப்பிட்டார்.

"உம்ம பேர நாங்க எழுதல்ல. கதம்பை நின்ன இடத்தத்தான் எழுதினோம். பலகையத் திறந்து விடும், கதம்பை போனத நாளைக்கு முதல் பக்கத்துல போடுகேன். திறக்கலேன்னா, நின்னத போடுகேன்."

ஃபோனை வைத்துவிட்டு என்னிடம், "எடுக்காத. கிடக்கட்டு" என்றார். இத்தனை வருஷம் அவரை மனசுக்குள் நான் ஏசியதெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் கழிந்துபோனது.

மறுநாள் காலையில் மண்டபக்காரரே ஜேசிபியோடு நின்றார். நல்ல மனம் வந்து அல்ல. அடுத்த முகூர்த்தத்துக்கு மண்டபம் பிடித்திருந்த பெண் வீட்டார் சவூதியில் இருந்து கதம்பை வீடியோவைப் பார்த்துவிட்டு, அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். மேலூர்க்காரர்களும் கீழூர்க்காரர்களும் இரண்டு கரையிலும் நின்றார்கள். முகநூலில் அத்தனை ஏசினவர்கள், நேரில் ஒருவருக்கொருவர் டீ வாங்கிக் கொடுத்தார்கள். பலகையைத் தூக்கியதும் உள்ளே இருந்து வந்தது கட்டட வேலையின் கழிவு. உடைந்த செங்கல், இறுகிப்போன சிமென்ட் மூட்டை, அதில் சிக்கிய வாழைமட்டை, பந்தி எச்சில் இலை. அந்த மண்டபத்தில் அவியலும் பாயசமும் சாப்பிட்டவர்களில் நானும் ஒருத்திதான். குப்பையை வாரி எடுக்க எடுக்க, எங்கள் சிவப்புக் கதம்பைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. கடைசி மூட்டையை இழுத்ததும் தேங்கி நின்ற தண்ணீர் மொத்தமும் ஒரே பாய்ச்சலாகக் கீழே சாடியது. கரையில் எழுந்த சத்தத்தில் ஜேசிபி சத்தம் கேட்கவில்லை. நானும் கத்தினேன், யாரோ முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

மண்டபக்காரர் அதற்குள் கைகூப்பி நிற்கிற மாதிரி ஒரு படம் எடுத்து, விவசாயிகளின் நலனுக்காக நாங்களே திறந்து விட்டோம் என்று அவர் பக்கத்தில் போட்டுவிட்டார். அதற்கு வாழ்த்து வேறு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அக்காவைக் கூப்பிட்டு இந்த அநியாயத்தைக் கேட்டீர்களா என்று பொருமினேன்.

"அவனுக்க படம் கிடக்கட்டு மக்கா" என்றாள். "தண்ணி எங்க வந்தாச்சு, அதச் சொல்லு."

அன்று பகல் முழுக்கப் படங்கள் வந்துகொண்டே இருந்தன. இப்போது கதம்பை முன்னால் போகவில்லை, தண்ணீரே போய்க்கொண்டிருந்தது. காய்ந்த சானல் அதைக் குடித்துக் குடித்துத்தான் கீழே விட்டது. ஒவ்வொரு பாலமாக வந்தாச்சு, வந்தாச்சு என்று எழுதினார்கள். மேலூர் வாழைக்காரர் ஒருவர், இன்றைக்கு எங்கள் மடையை நாங்கள் அடைத்தே வைக்கிறோம், தண்ணீர் கீழே போகட்டும் என்று எழுதினார். அதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. வெயில் சாய்கிற நேரத்தில், வீடியோ என்றாலே முகத்தை மூடிக்கொள்கிற அக்கா, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டுப் படித்து, நேரலையில் வந்தாள். அவள் முகம் இல்லை, சானல் மட்டும். வெடித்த மண். வெகுநேரம் ஒன்றுமே நடக்கவில்லை. யாரும் எழுந்து போகவில்லை. பிறகு வளைவில் இருந்து கலங்கலாக ஒரு நாக்கு, இலையையும் பிளாஸ்டிக்கையும் உருட்டிக்கொண்டு மெல்ல வந்தது. பின்னாலேயே, பெயின்ட் பாதி உரிந்த ஒரு கதம்பை. அதில் 'பேப்' மட்டும் மிச்சம் இருந்தது.

"வந்தாச்சு" என்று அக்காவின் குரல் கேட்டது.

ஃபோனை வரப்பில் வைத்துவிட்டு மடையைத் திறக்கப் போய்விட்டாள். நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. வானமும் ஒரு தென்னை ஓலையும் தெரிந்துகொண்டிருக்க, மண்வெட்டிச் சத்தமும் வயலுக்குள் தண்ணீர் விழுகிற சத்தமும் மட்டும் கேட்டது. அதையும் உட்கார்ந்து பார்த்தார்கள். அலுவலகத்தில் அச்சுப் பிரிவு ஆட்கள் எல்லாரும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். அண்ணாச்சி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். பேட்டரி தீர்ந்து ஃபோன் அணையும் வரை அவர் எழுந்திருக்கவில்லை.

பேப்பருக்குத் தலைப்பு என்ன என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. பழைய தலைப்பையே, ஒரு எழுத்து மாற்றாமல் அடித்தேன். கடைவரம்பு வரை தண்ணீர்: விவசாயிகள் மகிழ்ச்சி. முகநூலில் போட்டபோது ஒரு சிரிப்பு முகம்கூட விழவில்லை. எல்லாம் கைதட்டலும் சிவப்பு இதயமும்.

அந்த வாரக் கடைசியில் அதே தலைப்புக்குக் கீழே அக்கா ஒரு படம் போட்டாள். அதே வெள்ளாடு சானல் கரையில் நிற்கிறது. கயிற்றைப் பிடித்து இழுத்தும் தண்ணீரில் கால் வைக்க மாட்டேன் என்று பின்வாங்குகிறது. அதற்குப் பின்னால், இரண்டு பக்கமும் செம்மண் மேடுகளுக்கு நடுவில், அவள் வயல் முழுக்க நாற்று வரிசை வரிசையாக நின்றது. கீழே எழுதியிருந்தாள்:

'ஆட்டுக்கு நீச்சல் தெரியாதாம். நான் நட்டாச்சு.'